ஒட்டிக்கொண்ட வளையம்

நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொலைபேசியைக் கீழே வைத்தவள், திங்கள் காலை ஒன்பது வரைக்கும் விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று. அதற்குள் ஒரு பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும்.

பொய் சொன்னது பத்து நாள் முன்னால், ஒரு நேர்முகத் தேர்வில். வண்டிகளிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் சோதித்து, எஞ்சினுக்குள்ளே எது தேய்கிறது, எது கரைகிறது என்று சொல்லும் ஆய்வுக்கூடம் அது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். வேதியியல் கேள்விகளுக்கெல்லாம் அவள் சரியாகத்தான் பதில் சொன்னாள். சொன்னது அவர்கள் காதில் விழுந்ததா என்பதுதான் சந்தேகம். வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நடுவில் உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவி மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "புத்தகத்துல இருக்கறது இருக்கட்டும். கையால என்னம்மா செய்வே?" என்று கேட்டார்.

பூனை யோசித்தாள். தையல் வராது, சமையல் சுமார். எதிர்ச் சுவரில் எஞ்சின் படம் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே, "என் காருக்கு நானே ஆயில் மாத்துவேன் மேடம். ஃபில்டரும்" என்றாள்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அன்று முழுவதும் அவள் சொன்னவற்றில் எல்லோருக்கும் கேட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

உண்மை என்னவென்றால், அந்தப் பழைய காரை வாங்கிய பதினோரு மாதத்தில் அவள் முன்மூடியைத் திறந்தது கண்ணாடி துடைக்கும் தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும். மற்றதெல்லாம் தெருமுனை மெக்கானிக்கின் வேலை.

இப்போது தொலைபேசியில் வந்ததும் பிரிவுத் தலைவியேதான். "இடம் ஒண்ணு, ஆள் ரெண்டு. உன்னையும் இன்னொரு பையனையும் வெச்சிருக்கோம். திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு உன் காரை எடுத்துட்டு வா. நீயா வடிச்ச ஆயில் கால் லிட்டர், கழட்டின ஃபில்டர், ரெண்டும் வேணும். பார்த்துட்டு அங்கேயே முடிவு சொல்லிடறேன்."

"சரி மேடம்" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர். தையல்காரரான அப்பா, ஆஸ்பத்திரியில் நர்ஸான அண்ணி, அவள். அண்ணன் கப்பலில் இருந்தான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை கரைக்கு வருவான். அண்ணிக்கு எள் என்றால் எண்ணெயாக நிற்கும் சுபாவம். ஆகவே பூனை அண்ணியிடம் போனாள்.

"அண்ணி, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சீருடை மடித்துக்கொண்டிருந்த அண்ணி கதவைச் சாத்தினாள். "யாரு பையன்?"

"ஐயோ, அதில்ல."

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அண்ணி கட்டிலில் சாய்ந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. "கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான்னு சொல்வாங்க. உன்னுது பத்து நாள் ஓடியிருக்கு. வாயில்லாப் பூனைன்னு நெனச்சேனே உன்னை!"

"அந்த வேலை எனக்கு வேணும் அண்ணி."

இதைச் சொன்னபோது அவள் குரல் மாறியிருந்தது. அண்ணி சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தாள். பட்டம் வாங்கி இரண்டு வருடம். மற்ற இடங்களிலெல்லாம் கூப்பிட்டதோடு சரி. இந்த ஒரு இடம்தான் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது.

"அப்ப பண்ணிடுவோம்" என்றாள் அண்ணி. "ஊசி போடறதும் ஒருநாள் முதல் தடவையாத்தான் போட்டேன். அந்த ஆளு இன்னும் உயிரோடதான் இருக்காரு. அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம். பொய்னு தெரிஞ்சா மனுஷன் சோறு எறங்காம கெடப்பாரு."

அன்று மாலையே உதிரிப்பாகக் கடைக்குப் போனார்கள். நாலு லிட்டர் ஆயில் டப்பா, புது ஃபில்டர், வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர், ஃபில்டரைத் திருகிக் கழற்றும் பிடி ஒன்று. காரின் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்த இரண்டு இரும்புச் சரிவுகளைக் கடைக்காரர் இரவல் கொடுத்தார். "எந்த மெக்கானிக்குக்கும்மா இது?" என்று கேட்டார். பூனை தரையைப் பார்த்தாள். அண்ணி அவள் தோளில் தட்டி, "இவங்கதான் மெக்கானிக். பேச மாட்டாங்க, வேலைதான் பேசும்" என்றாள்.

காரோடு வந்த கையேட்டை அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பூனை கரைத்துக் குடித்திருந்தாள். புது நோட்டு ஒன்றில் எட்டு வரியில் செய்முறை எழுதினாள். ஓரத்தில் கோடு போட்டு, நேரம் குறிக்க இடம் விட்டாள்.

"இது எதுக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"எப்ப என்ன நடந்துச்சுன்னு எழுத. லேப்ல அப்படித்தான்."

"தப்பா நடந்தா?"

"அதையும்தான் எழுதணும். அடிச்சுத் திருத்தக் கூடாது."

ஞாயிறு அண்ணிக்குக் காலை வேலை. இரண்டு மணிக்கு முடித்துக்கொண்டு, மருந்துக் கடையில் கையுறைப் பெட்டி ஒன்றும் மூத்திரப் பரிசோதனை டப்பா மூன்றும் வாங்கி வந்தாள். "சுத்தமான பாட்டில் கேட்டியே, இதைவிட சுத்தம் ஏது? ஒண்ணு நூறு மில்லி." டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டை அவளே நிரப்பினாள். நோயாளி பெயர்: கார். வயது: ஒன்பது.

வீட்டின் பக்கவாட்டில் சிமெண்ட் பூசிய இடம். ஒருபக்கம் சுவர், மறுபக்கம் அப்பாவின் தையல் அறை ஜன்னல். 3.10க்கு பூனை எஞ்சினை ஓடவிட்டாள். ஆயில் கொஞ்சம் சூடானால்தான் நன்றாக வடியும். ஐந்து நிமிடம் கழித்து, அண்ணி "வா, வா, இன்னும் வா, நில்லு!" என்று கைகாட்ட, கார் சரிவில் ஏறி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எஞ்சினை நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்தார்கள்.

ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது. வாயில் குண்டூசி. "என்ன நடக்குது அங்க? மெக்கானிக் செத்தா போயிட்டான்?"

"சும்மா கத்துக்கறா மாமா!" என்றாள் அண்ணி.

"ஞாயித்துக்கிழமையா? என்ன அவசரம்?"

பூனை ஏற்கனவே காருக்கு அடியில் போயிருந்தாள். தரையில் விரித்த அட்டையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எஞ்சின் படம் இத்தனை நாள் சுவரில் தொங்கியது. இப்போது முகத்துக்கு ஒரு முழ உயரத்தில் உண்மையாகவே தொங்குகிறது. அதோ, ஆயில் தங்கும் தட்டு. அதன் அடியில் வடிகால் போல்ட். அந்தப் பக்கம், கைப்பிடி அளவுக்கு, கறுப்பாக, ஃபில்டர்.

"தெரியுதாடி?"

"எல்லாமே தெரியுது அண்ணி! படத்துல போட்ட மாதிரியே இருக்கு!"

அண்ணி திகைத்துப்போனாள். பூனை கத்திப் பேசி அவள் கேட்டதே இல்லை.

போல்ட் அசைய மறுத்தது. ஸ்பேனரை மாட்டி அமுக்கினாள், முக்கினாள், காலை உதைத்துக்கொண்டாள். அசைவேனா என்றது. பிறகு கண்ணை மூடி, ஒரு பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் மூடியை மனதுக்குள் திறந்து பார்த்தாள். இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்! ஸ்பேனரை மறுபக்கம் மாற்றிப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினாள். 'டக்' என்றது.

"வந்துருச்சு! பேசின், பேசின்!"

துணி ஊறவைக்கும் அகலமான பேசினை அண்ணி அடியில் தள்ளினாள். போல்ட்டைக் கடைசிச் சுற்றுவரை விரலால் திருகி எடுத்ததும் ஆயில் சொட்டுச் சொட்டாக வரும் என்று பூனை எதிர்பார்த்திருந்தாள். அது வில்லாக வளைந்து பேசினைத் தாண்டிப் பாய்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். அண்ணி காலால் பேசினை எட்டித் தள்ள, கறுப்புத் தாரை சரியாக நடுவில் விழுந்தது.

"டப்பா குடுங்க. இப்ப இல்ல... முதல்ல வர்றது வேணாம். நடுவுல வர்றதைத்தான் பிடிக்கணும்."

"யூரின் டெஸ்டுக்கு நாங்க சொல்றதேதான்! நல்லாப் படிச்ச கார்டி இது."

மூன்று டப்பாவும் நிறைந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் தேன் நிறம். பூனைக்கு அதைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. அவள் கையால், அவள் காரிலிருந்து. பாதிப் பொய் உண்மையாகிவிட்டது.

மீதிப் பாதி ஃபில்டரில் இருந்தது. கடைக்காரர் கொடுத்த பிடி அளவு பெரிதாகிப்போய், சட்டிக்குள் கரண்டிபோல் சுழன்றது. வெறும் கையால் திருகினால் எண்ணெய் வழுக்கல். அடியிலிருந்தே குரல் கொடுத்தாள். "அப்பா, பெல்ட் குடுங்க!"

ஊரார் இடுப்புக்கெல்லாம் அங்குலம் பிசகாமல் அளவெடுப்பவர் அப்பா. தன் இடுப்புக்கு மட்டும் பெல்ட்டைத்தான் நம்புவார். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஜன்னல் வழியே அதை நீட்டினார். "சீக்கிரம் குடுத்துடு. நாலரை மணிக்கு ஒருத்தர் அளவு குடுக்க வர்றாரு. மானம் போயிடும்."

பெல்ட்டை ஃபில்டரில் சுற்றி இறுக்கிப் பிடித்து இழுத்தாள். ஃபில்டர் ஒரு முனகலோடு கழன்று வந்தது. எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையேட்டில் சொன்னபடி கையால் திருகி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. போல்ட்டுக்குப் புது வாஷர். மேலே வந்து, கல்லூரிக் காலத்து அளவு ஜாடியால் அளந்து அளந்து மூன்றரை லிட்டர் ஊற்றினாள். ஒரு சொட்டு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

4.43. சாவியைத் திருப்பினாள். எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அணைந்தது. எண்ணெய் எஞ்சினுக்குள் ஏறிவிட்டது.

"அணைஞ்சுருச்சு! அண்ணி, அணைஞ்சுருச்சு!" இருக்கையில் இருந்தபடியே குதித்தாள். அண்ணி கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கையுறைக் கறையெல்லாம் முதுகில்.

அப்போதுதான் ஜன்னலிலிருந்து அப்பா சொன்னார். "அம்மா பூனை. உன் வண்டி ஒண்ணுக்குப் போகுது."

எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடி வந்து குனிந்து பார்த்தாள். காருக்கு அடியில் தேன் நிறத்தில் ஒரு குளம் விரிந்துகொண்டிருந்தது. அளந்து அளந்து ஊற்றியதில் ஒரு லிட்டருக்கு மேல் தரையில்.

"போச்சு" என்றாள் அண்ணி. "பொய்க்குக் கால் இல்லம்பாங்க. இதுக்கு நாலு சக்கரம் இருந்தும் நகராது போலிருக்கே."

அப்பா பேண்ட்டைப் பிடித்தபடியே, வெட்டுத்துணி மூட்டையை வெளியே இழுத்து வந்தார். பூப்போட்டது, கட்டம் போட்டது, கோடு போட்டது என்று வகைவகையான துண்டுகளை அண்ணி குளத்தின்மேல் கொட்டினாள். "மெக்கானிக்குக்கு ஃபோன் போடட்டுமா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

மெக்கானிக் கைவைத்தால் அது அவள் மாற்றிய ஆயில் ஆகாது. "வேணாம்பா" என்றாள். நோட்டை எடுத்து, 4.45, கசிவு, என்று எழுதினாள். கசிவு என்றால் அதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும். வடிகால் போல்ட்டைத் தொட்டாள்: உலர்ந்திருந்தது. ஃபில்டரின் கழுத்து நனைந்திருந்தது. இறுக்கம் போதவில்லையா? முக்கால் சுற்று, சரியாகத்தான் எண்ணினாள். பிறகு?

பேசினில் கிடந்த பழைய ஃபில்டரை எடுத்து, புதிது வந்த அட்டைப்பெட்டியின் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். படத்தில் வாய் ஓரத்தில் ரப்பர் வளையம். இவள் கையில் இருந்ததில் வெறும் பள்ளம். விரலால் தடவினாள். வெறும் பள்ளம்தான்.

"இதுல ரப்பர் இல்ல அண்ணி."

"இல்லாட்டி?"

"இதுல இல்லாட்டி..." கண்கள் விரிந்தன. "மேல இருக்கு! எஞ்சின்லயே ஒட்டிக்கிச்சு! அது மேலயே புதுசைப் போட்டு இறுக்கியிருக்கேன். ரெண்டு ரப்பர், ஒண்ணு மேல ஒண்ணு. அதான் பிதுங்கிடுச்சு!"

இவ்வளவு நீளமாக அவள் பேசி முடிப்பதற்குள் பாதி உடம்பு காருக்கு அடியில் போய்விட்டது. புது ஃபில்டரைக் கழற்றினாள். மேலே துழாவினாள். நகத்துக்கு ஏதோ தட்டுப்பட்டது. மெல்ல நெம்பினாள். கறுப்பாக, தட்டையாக, வெந்த மாதிரி ஒரு வளையம் அவள் மார்பின்மேல் விழுந்தது.

"மாட்டிக்கிச்சு!" என்று அவள் கத்தியதில் ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை பறந்தது.

டப்பாவில் மிச்சம் அரை லிட்டர்தான். கடையை ஞாயிறன்று ஐந்தரைக்கு அடைத்துவிடுவார்கள். அண்ணி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பறந்தாள். திரும்பி வந்தவள் ஒரு லிட்டர் டப்பாவைத் தூக்கிப் போட்டுச் சொன்னாள்: "உள்ள நுழையறேன், அந்த ஆளு என் கையைப் பார்த்துட்டு, 'எத்தனை ரப்பர் இருந்துது?'ன்னு கேக்கறாரு. சிரிப்பு வேற."

5.50க்கு விளக்கு மறுபடி அணைந்தது. இந்த முறை யாரும் குதிக்கவில்லை. மூன்று பேரும் குனிந்து, அடியில் விரித்த வெள்ளைத் துணியையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம். பத்து. துணி வெள்ளையாகவே இருந்தது. காரைச் சமதரையில் இறக்கி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், சொன்னபடி.

"ரைட்டு" என்றார் அப்பா. "பெல்ட்?"

பெல்ட் ஒரு கைப்பிடி சோப்புத்தூள் கேட்டது. நாலரை மணி ஆள் வந்து, அப்பா இடுப்பில் ஒரு அளவு நாடாவைக் கட்டிக்கொண்டு இன்னொன்றால் அளவெடுத்த கதை அதற்குள் நடந்து முடிந்திருந்தது.

பழைய ஆயிலைக் கடையில் ஒப்படைக்க டப்பாவில் ஊற்றி மூடினார்கள். பழைய வளையத்தை அண்ணி துடைத்து, பழைய ஃபில்டரின் பள்ளத்தில் அமுக்கி வைத்தாள். "இப்ப முழுசா இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது? எப்பலேருந்து மாத்தறேன்னு கேட்டா, காலேஜ் ரெண்டாவது வருஷத்துலேருந்துன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

"காலேஜ் ரெண்டாவது வருஷத்துலேருந்து."

"கொஞ்சம் சத்தமா."

திங்கள் காலை வழிநெடுக அவளுக்கு ரோட்டைவிட அந்தச் சின்ன விளக்கின்மேல்தான் கண். அது எரியவில்லை. தன் கையால் ஊற்றிய எண்ணெயில் ஓடும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது, அவளே ஓடுவது மாதிரி இருந்தது.

ஆய்வுக்கூட வாசலில் இன்னொரு ஆள் தன் காரோடு தயாராக நின்றான். கஞ்சி போட்ட சட்டை, அச்சடித்த சீட்டு ஒட்டிய கண்ணாடிப் புட்டி. பூனை மூத்திர டப்பாக்களைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

பிரிவுத் தலைவி டார்ச்சோடு வந்தார். இரண்டு கார்களுக்கும் அடியில் குனிந்து பார்த்தார். பூனையின் காரில் ஃபில்டரின் கழுத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, விரலைப் பார்த்தார். உலர்ந்திருந்தது. பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். டப்பாவை எடுத்து, "நோயாளி பெயர்: கார்" என்று உரக்கப் படித்தார். தலைமேல் இருந்த மூக்குக்கண்ணாடி குலுங்கியது.

"சரி. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி. நீங்க முதல் தடவை ஆயில் மாத்தினப்போ என்ன தப்பு பண்ணினீங்க?"

"தப்பு எதுவும் பண்ணலை மேடம்" என்றான் கஞ்சிச் சட்டை.

"சந்தோஷம். நீ?"

"பழைய ஃபில்டரோட ரப்பர் எஞ்சின்லயே ஒட்டிக்கிச்சு மேடம். பாக்காம அது மேலயே புதுசைப் போட்டுட்டேன். விளக்கு அணைஞ்சுது, ரெண்டு நிமிஷம் ஓடுச்சு, அப்புறம் பிதுங்கி ஒரு லிட்டருக்கு மேல கொட்டிருச்சு. போல்ட் காய்ஞ்சிருந்துச்சு, கழுத்து மட்டும் நனைஞ்சிருந்துச்சு. அதை வெச்சுதான் கண்டுபிடிச்சேன்."

பிரிவுத் தலைவி வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கும் ஆச்சு! எங்க வீட்டுக்காரரோட வெள்ளைச் சட்டை மேல. அது ஆச்சு இருபத்தாறு வருஷம்." டார்ச்சை அணைத்தார். "உனக்கு எப்ப?"

காலேஜ் ரெண்டாவது வருஷம். நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஒன்பது மணி பதினேழு நிமிடம்; இடம் ஒன்று, ஆள் இரண்டு. நோட்டு அவள் கையில் இருந்தது. அதில் அவளே பார்த்து, அவளே எழுதிய நேரம். நடந்ததைக் கண்ணால் பார்த்து எழுதிவிட்டால், பிறகு எழுதியவளே சொன்னாலும் அது மாறாது.

"நேத்து மேடம்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. வாசல் காவலாளி கூடத் திரும்பிப் பார்த்தார். "சாயங்காலம் நாலே முக்காலுக்கு. நான் ஆயில் மாத்தினதே நேத்துதான் முதல் தடவை."